எஜமானரின் ஐந்தாவது கடமை

1934 மே மாதம் வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு விடுப்பில் போனார். அவருடைய பொறுப்பைப் பார்த்துக்கொள்ளச் சென்னை கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி வடக்கே கிளம்பினார். ஸ்டான்லியின் நாற்காலியில் மே 16 முதல் ஆகஸ்ட் 16 வரை தஞ்சாவூரில் பிறந்த முகமது உஸ்மான் அமர்ந்தார். சென்னை மாகாணக் கவர்னரின் பொறுப்பை ஓர் இந்தியர் வகித்தது அதுவே முதல் முறை. இரண்டு ஆண்டு கழித்து, 1936-இல், எர்ஸ்கின் பிரபு விடுப்பில் சென்றபோது கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவுக்கு அதே பொறுப்பு வந்தது. மேலே ஒருவர் ஓய்வுக்குப் போனால் மாகாணமே இடம் மாறி உட்கார வேண்டியிருந்த காலம் அது.

அந்த விடுப்புக்கே அப்போது வயது பத்துதான். அதற்கு முன் வைஸ்ராய்க்கோ கவர்னருக்கோ தாய்நாட்டு விடுப்பு என்று ஒன்று கிடையாது. திரும்பிப்போகும் எண்ணத்துடன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினாலே பதவியைத் துறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 1833-ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் அதைத் தெளிவாகவே சொன்னது. டல்ஹவுசியிலிருந்து கர்சன் வரை எவராக இருந்தாலும், பதவியில் இருக்க வேண்டுமானால் இந்தியாவிலேயே இருக்க வேண்டும். 1924-இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, பதவிக்காலத்தில் ஒரே ஒரு முறை, நான்கு மாதத்துக்கு மேற்படாமல் ஊருக்குப் போய்வர இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டே ரீடிங் பிரபு அதைப் பயன்படுத்திக்கொண்டார். வங்காளக் கவர்னர் லிட்டன் அவர் இடத்தில் இருந்தார். 1929-இல் இர்வின் போனபோது சென்னையிலிருந்து கோஷன் பிரபு சென்றார்.

பேரரசின் உச்சியில் இருந்தவருக்கே தொண்ணூறு ஆண்டுகளாக விடுப்பு இல்லை என்றால், அவரைச் சுற்றி நின்றவர்களின் நிலை என்ன? இதைச் சம்பளக் கணக்கு என்று கணக்கரிடம் தள்ளிவிட முடியாது. ஒரு மனிதனின் நேரம் யாருடையது, அவனுடைய ஓய்வு யார் கொடுத்து வருவது என்பதைச் சமயங்களும் தத்துவங்களும் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகக் கேட்டுவருகின்றன. கவர்னர் மாளிகை அந்தக் கேள்வியை மிக நெருக்கத்தில் பார்க்கக்கூடிய இடம். அங்கே எஜமானர் ஒரே ஒருவர்; மற்ற அனைவரின் பகலும் இரவும் அவருடைய மணியோசையைக் காத்திருந்தன.

கவர்னரின் சொந்தப் பரிவாரத்தில் பல அடுக்குகள் இருந்தன. உச்சியில் தனிச் செயலர், ராணுவச் செயலர், மருத்துவர். அடுத்து ஏ.டி.சி. என்று அழைக்கப்பட்ட இளம் ராணுவ அதிகாரிகள்: படைப்பிரிவிலிருந்து வந்தவர்கள், கவர்னரின் காலம் முடிந்தால் வேறிடம் பார்க்க வேண்டியவர்கள். சென்னையில் 1778-இல் தொடங்கிய மெய்க்காவல் குதிரைப்படை தனி. இவர்களுக்கெல்லாம் கீழே பட்லர், சமையற்காரர், குதிரைக்காரர், சலவைக்காரர், தோட்டக்காரர், தோளில் டவாலியும் மார்பில் பித்தளை வில்லையுமாகக் கதவோரம் நின்ற சேவகர்கள். வில்லைச் சேவகரின் வேலையில் பெரும்பகுதி நிற்பது. அழைப்பு வரும்வரை நிற்க வேண்டும். அழைப்பு வராத நேரமும் அவருடையது ஆகாது. கோடையில் கவர்னரும் அரசாங்கமும் உதகைக்கு ஏறும்போது இந்தப் பரிவாரமும் மலையேறும். வெயிலிலிருந்து தப்பி இளைப்பாற மேலே போனவர் ஒருவர். அவருடைய இளைப்பாறலைச் சுமந்துகொண்டு போனவர்கள் பலர்.

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் 305-ஆவது பிரிவு ஒன்று உண்டு. வைஸ்ராயும் ஒவ்வொரு கவர்னரும் தமக்கென்று செயலகப் பணியாளர்களைத் தம் விருப்புரிமைப்படி நியமித்துக்கொள்ளலாம். அவர்களுடைய சம்பளத்தையும் படிகளையும் அவரே தம் விருப்புரிமைப்படி தீர்மானிப்பார். கவர்னரின் பணியாளர்களுக்கான செலவு மட்டும் மாகாண வருவாயிலிருந்து போகும். விருப்புரிமை என்றால் அமைச்சர்களின் ஆலோசனை தேவையில்லை என்று பொருள். கவர்னரின் சம்பளமும் அவரது அலுவலகச் செலவும் சட்டமன்ற வாக்கெடுப்புக்கு வரா, விவாதத்துக்குக்கூட வரா. சென்னைக் கவர்னருக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் என்று அதே சட்டத்தின் அட்டவணை நிர்ணயித்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1937-இல் பதவியேற்ற ராஜாஜியின் அமைச்சரவை, காங்கிரஸ் 1931-இல் கராச்சியில் விதித்த வரம்பை மதித்து, அமைச்சருக்கு மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டது. மக்கள் தேர்ந்தெடுத்தவரின் சம்பளத்தை மன்றத்தில் யாரும் கேள்வி கேட்கலாம். கவர்னரின் தனிச் செயலருடைய சம்பளத்தை அப்படிக் கேட்க முடியாது.

கவர்னரின் பணியாளர்களுக்கும், அரசுப் பணியில் இருந்த லட்சக்கணக்கானவர்களுக்கும் பொதுவான வேதநூல்போல இருந்தவை 1922 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகள். இன்றும் தமிழக அரசு அலுவலகத்தில் எழுத்தரைக் கேட்டால் 'எஃப்.ஆர்.' என்பார், அது அதே தொகுப்பின் வழித்தோன்றல்தான். அதில் இரண்டு விதிகளைத் தத்துவ நூலைப் படிப்பதுபோல நிதானமாகப் படிக்க வேண்டும். பதினோராவது விதியின்படி, ஊழியரின் முழு நேரமும் சம்பளம் கொடுக்கும் அரசின் வசம் இருக்கிறது; கூடுதல் ஊதியம் கேட்க வழியில்லாமல் எந்த வேலைக்கும் அவரைப் பயன்படுத்தலாம். அறுபத்தேழாவது விதியின்படி, விடுப்பை எவரும் உரிமையாகக் கேட்க முடியாது. பணியின் அவசரத்தைக் காட்டி அதை மறுக்கவும், கொடுத்ததைத் திரும்பப் பெறவும் அதிகாரிக்கு உரிமை உண்டு.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மனிதனைப் பற்றிய ஒரு முழுக் கோட்பாடே எழுகிறது. நேரம் எஜமானருடையது. ஊழியன் தூங்குவதும் உண்பதும் பிள்ளையின் காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்காருவதும் எஜமானரின் சொத்திலிருந்து அவன் இரவல் வாங்கும் துண்டுகள். இரவலைத் தருகிறவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம்.

அந்த இரவலும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. அடிப்படை விதிகளே விடுப்பை இரண்டு வகையாகப் பிரித்தன: ஆசியாவுக்கு வெளியே நிலையான வீடுள்ளவர்களுக்குத் தாராளமான சிறப்பு விதிகள், மற்றவர்களுக்குச் சாதாரண விதிகள். 1924-இல் லீ ஆணையம் ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் பணிக்காலத்தில் நான்கு முறை ஊருக்குப் போய்வரக் கப்பல் செலவையும், மனைவிக்கும் அதே சலுகையையும் பரிந்துரைத்தது. வெப்பம் அவர்களை வாட்டியது, வீடு ஆறாயிரம் மைல் தள்ளி இருந்தது என்பவை உண்மையான காரணங்கள்தான். ஆனால் மதுரையிலிருந்து சிம்லாவுக்கு வேலைக்குப் போனவனுக்கும் வீடு தூரம்தான். ஊழியர்களின் பட்டியலிலேயே உயர்நிலைப் பணி, கீழ்நிலைப் பணி என்று பிரிவு இருந்தது. யாருடைய களைப்பு கணக்கில் ஏறும் என்பதை அந்தப் பிரிவே முடிவு செய்தது.

இந்தக் கோட்பாட்டுக்கு நேரெதிராக ஒரு பழைய உபதேசம் இருக்கிறது. ராஜகிருகத்தில் சிகாலன் என்ற இளைஞன் காலையில் ஈர உடையுடன் ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். செத்துப்போன தகப்பனார் சொல்லிவிட்டுப் போன வழக்கம். வழியில் வந்த புத்தர், திசைகளைக் கும்பிடும் முறை இதுவல்ல என்கிறார். கிழக்கு என்பது பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், மேலே துறவிகள், கீழே வேலையாட்கள். அவரவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்வதே திசை வணக்கம். பாலி மொழியின் தீக நிகாயத்தில் முப்பத்தொன்றாவது சூத்திரமாக இருக்கும் இந்த உபதேசத்தில், வேலையாட்களுக்கு எஜமானர் செய்ய வேண்டியவை ஐந்து என்று வருகிறது. அவர்களுடைய பலத்துக்கு ஏற்ற வேலை கொடுப்பது. உணவும் கூலியும் கொடுப்பது. நோயில் பார்த்துக்கொள்வது. வீட்டில் அருமையாகக் கிடைக்கும் ருசிகளைப் பகிர்ந்துகொள்வது. ஐந்தாவது, நேரமறிந்து வேலையிலிருந்து விடுவிப்பது.

கவனிக்க வேண்டியது, இந்த ஐந்தும் எஜமானரின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. வேலையாள் பணிந்து கேட்டால் மனமிரங்கித் தரலாம் என்ற பேச்சே இல்லை. கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எஜமானரின் வழிபாடு ஆறில் ஒரு திசையில் குறைந்துபோகும். ஐந்தாம் நூற்றாண்டில் இதற்கு உரை எழுதிய புத்தகோசர், விடுவிப்பதை இரண்டு வகையாக விளக்குகிறார். நாள்தோறும் பொழுது முழுவதும் வாட்டாமல் களைப்பறிந்து விடுவது ஒன்று. திருவிழாக் காலங்களில் உடையும் அணியும் உணவும் கொடுத்து அனுப்புவது மற்றொன்று. காஞ்சியில் தங்கியிருந்ததைத் தம் உரைநூலொன்றின் இறுதியில் குறிப்பிடும் இவர் அநுராதபுரத்தின் மகாவிகாரையில் உட்கார்ந்து தினசரி ஓய்வையும் ஆண்டு விடுப்பையும் பிரித்துப் பேசியிருக்கிறார். 1922-இல் விதி எழுதியவர்களுக்கு முன்னோடி இல்லாமல் போகவில்லை.

கவர்னர்களின் சொந்த மதமும் அவர்களுக்கு இதைச் சொல்லியிருந்தது. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரனையும் வேலைக்காரியையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. மாட்டையும் கழுதையையும்கூடச் சேர்க்கிறது. உபாகமத்தில் அதற்குக் காரணமும் வருகிறது: எகிப்தில் நீயும் அடிமையாக இருந்தாய், அதை மறவாதே. ஓய்வின் அடிப்படை அங்கே எஜமானரின் நல்லெண்ணத்தில் நிற்கவில்லை. அவனே ஒரு காலத்தில் ஓய்வில்லாமல் செங்கல் அறுத்தவன் என்ற நினைவில் நிற்கிறது. ஹார்டிஞ்ச் பிரபு 1840-களில் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது அரசு வேலைகளில் ஞாயிற்றுக்கிழமை உழைப்பை நிறுத்த உத்தரவிட்டார். அந்தக் கட்டளையை மனதார நம்பியவர். ஆயினும் மாளிகைக்குள் ஞாயிறு வேறுமாதிரி நடந்தது. கவர்னர் தேவாலயத்துக்குப் போக வண்டி பூட்ட வேண்டும், குதிரையைத் தேய்க்க வேண்டும், காவல் போக வேண்டும், திரும்பி வருமுன் மேசை தயாராக வேண்டும். பிரசங்கத்தில் ஓய்வுநாள் கட்டளை வாசிக்கப்படும்போது குதிரைக்காரர் வெளியே வெயிலில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமையை இந்தியத் தொழிலாளிக்குப் பெற்றுத் தந்த பெயர்களில் முதன்மையானது நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிபா புலேயின் சத்தியசோதக இயக்கத்தைச் சேர்ந்தவர். 1884-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி வார விடுமுறை கேட்டார். ஞாயிறு கண்டோபாவின் நாள், எங்கள் தெய்வத்தின் நாள் என்பது அவர் வைத்த வாதங்களில் ஒன்று. ஆறு நாள் ஆலைக்கு உழைத்தவனுக்குச் சமூகத்துக்குப் பணிசெய்ய ஒரு நாள் வேண்டும் என்பது இன்னொன்று. 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் சங்கம் ஒப்புக்கொண்டது. ஒரே கிழமையை ஆள்பவர் ஒரு தெய்வத்தின் பேரிலும் ஆலைத் தொழிலாளி இன்னொரு தெய்வத்தின் பேரிலும் கேட்டார்கள். ஆள்பவருக்கு அது பிறப்போடு வந்தது. தொழிலாளி ஆறு ஆண்டு போராடிப் பெற்றார்.

முழு நேரமும் தனக்கே என்று உரிமை கோருவது மிகப் பெரிய உரிமைக்கோரல். சமய மரபில் அது கடவுளுக்கு மட்டுமே பொருந்தும். பல்லவ மன்னனின் ஆணைக்கு அப்பர் பணிய மறுத்ததன் உட்பொருளும் அதுதான்: தன்னை முழுதாக ஒருவனுக்குக் கொடுத்துவிட்டவனை இன்னொருவன் ஆள முடியாது. அப்படி முழுதும் பெற்றுக்கொண்ட கடவுளையும் தமிழ் மரபு தூங்க வைத்திருக்கிறது. உச்சிக்காலம் முடிந்தால் கோயில் நடை சாத்துவார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து எவ்வளவு அவசரமான வேண்டுதலோடு வந்தாலும் மாலைவரை காத்திருக்க வேண்டும். மதுரையில் இரவுதோறும் சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறார்கள். ஊதுவத்திப் புகை, நாதஸ்வரம், பாலும் பழமும், பிறகு கதவடைப்பு. அண்டத்தைத் தாங்குகிறவருக்கே இரவு உண்டு என்று வைத்தபோது, அவர் வாசலில் மேளம் வாசிப்பவருக்கும் இரவு உண்டாகிவிட்டது.

இதற்கு எதிர்வாதம் வலுவானது, தள்ளிவிடக் கூடாதது. வெள்ளம் வரும்போது வட்டாட்சியர் விடுப்பில் இருக்கலாமா? கலவர இரவில் காவலர் வீட்டுக்குப் போகலாமா? கடமை என்பது நேரத்தைப் பார்ப்பதில்லை. பலன் கருதாமல் செய்யச் சொல்கிறது கீதை என்பார்கள். அலுவலகச் சுவர்களில் அந்த வாசகத்தை மாட்டி வைத்திருப்பதும் உண்டு. கீதை அதை யாரிடம் சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். போரிடப் போகிறவனிடம், அவன் மனத்தைப் பற்றிச் சொல்கிறது. பலனைத் துறப்பது அவனவன் தன்னளவில் செய்யக்கூடிய காரியம். சம்பளம் கொடுக்க வேண்டியவர், விடுப்பு கொடுக்க வேண்டியவர் அதையே எடுத்துக் கீழே இருப்பவனிடம் நீட்டினால் அங்கே துறப்பவர் யாரும் இல்லை. பறிப்பவர் ஒருவர் இருக்கிறார்.

முழு நேரத்தையும் கொடுப்பதாக அறிவித்த ஓர் அரசர் வரலாற்றில் உண்டு. தம் ஆறாவது பாறைக் கட்டளையில் அசோகர், தாம் உண்டுகொண்டிருந்தாலும் அந்தப்புரத்தில் இருந்தாலும் தோட்டத்தில் இருந்தாலும் மக்களின் காரியத்தைச் செய்தியாளர்கள் தம்மிடம் வந்து சொல்லலாம் என்று பொறித்து வைத்தார். அதே அசோகர் வேறு கட்டளைகளில் அடிமைகளையும் வேலையாட்களையும் முறையாக நடத்துவதைத் தர்மத்தின் முதல் அம்சங்களில் ஒன்றாக வைக்கிறார். தன் நேரத்தைத் திறந்து வைத்தவர், வேலையாளின் நேரத்தை அப்படிக் கேட்கவில்லை. அடிப்படை விதிகளின் பதினோராவது விதி இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது.

சம்பளக் கணக்கையும் சற்றுப் பார்க்கலாம். அர்த்தசாஸ்திரத்தின் ஊதியப் பட்டியலில் அமைச்சர், புரோகிதர், சேனாபதி ஆகியோருக்கு 48,000 பணம். கடைசிப் பணியாளுக்கு 60. எண்ணூறு மடங்கு ஏற்றத்தாழ்வு, எந்த அளவுகோலிலும் கொடியது. ஆனால் அதே நூல் பணியில் இறந்தவரின் மனைவி மக்களுக்கு உணவும் ஊதியமும் தரச் சொல்கிறது. நோயுற்ற வேலையாளுக்கு விலக்கு அளிக்கிறது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்லும் நபிமொழியும் பொறுப்பைக் கொடுப்பவர் மேல்தான் வைக்கிறது. 1930 மார்ச் 2 அன்று காந்தி இர்வினுக்கு எழுதிய கடிதம் இன்னும் நேரடியானது. வைஸ்ராய்க்கு மாதம் 21,000 ரூபாய், அதாவது நாளுக்கு 700 ரூபாய்க்கு மேல். சராசரி இந்தியருக்கு நாளுக்கு இரண்டணாவுக்கும் குறைவு. ஐயாயிரம் மடங்குக்கும் அதிகம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தனிமனிதராக இர்வினைத் தாம் மதிப்பதையும், அவரைப் புண்படுத்த இந்தக் கணக்கைச் சொல்லவில்லை என்பதையும் அதிலேயே எழுதினார். கடிதத்தைக் கையில் கொண்டுபோனவர் ரெஜினால்டு ரேனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய குவேக்கர் இளைஞர்.

பதில் வைஸ்ராயின் கையெழுத்தில் வரவில்லை. தனிச் செயலர் ஜார்ஜ் கன்னிங்காம் சில வரிகளில் எழுதினார்: சட்டமீறலுக்கும் அமைதிக் குலைவுக்கும் வழிவகுக்கும் செயலைக் காந்தி எண்ணியிருப்பதற்காக வைஸ்ராய் வருந்துகிறார். சம்பளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர் என்று அறியப்பட்ட இர்வின், தம் நாளொன்றுக்கான 700 ரூபாயைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமலே விட்டார். விட்டுவிடும் வேலையையும் சம்பளம் வாங்கும் இன்னொருவர் செய்தார். காந்தி கடிதம் எழுதிப் பத்து நாள் கழித்துத் தண்டி யாத்திரை தொடங்கியது.

குடியரசு இதில் எவ்வளவு மாற்றியது? அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவு, தொழிலாளிக்கு வாழ்வூதியமும் ஓய்வை முழுமையாகத் துய்க்கும் நிலையும் கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. நீதிமன்றம் போய்ப் பெற முடியாத நெறிமுறை அது. 1972-இல் மத்திய அரசு ஊழியருக்கு எழுதிய விடுப்பு விதிகளிலோ, விடுப்பை உரிமையாகக் கேட்க முடியாது என்ற பழைய வாசகம் ஏழாவது விதியாக அப்படியே ஏறிக்கொண்டது; அது நடைமுறையில் உள்ள விதி. தமிழ்நாட்டில் காவல்துறை ஆர்டர்லி முறையை ஒழிக்க 1979-இலேயே அரசாணை வந்தும், அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலர்கள் நிற்பதைக் கண்டு 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டிக்க வேண்டியிருந்தது. காவலர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்ற அறிவிப்பு 2021-இல்தான் வந்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளி பெற்ற ஞாயிறு காக்கிச் சட்டைக்கு வர நூற்று முப்பத்தொரு ஆண்டு பிடித்தது.

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலேயே விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுத் தருகிறோம். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளை பணிந்து கேட்கிறது. அதே பிள்ளை வளர்ந்து அலுவலகத்தில் அதே நடையில் எழுதுகிறது. சிகாலனுக்குச் சொன்னது உண்மையானால் இந்தத் தாளின் பாரம் இடம் மாற வேண்டும். ஊழியர் தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். விடுப்பை மறுக்க வேண்டிய அவசரம் உண்மையாகவே இருந்தால், அந்த அவசரம் என்ன, அது எத்தனை நாள், ஈடாக எந்தத் தேதியில் விடுவிக்கப் போகிறார் என்பதை அதிகாரி தம் கையெழுத்துடன் எழுத்தில் தர வேண்டும். எழுதத் தவறினால் விடுப்பு கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அடிப்படை விதிகளின் அறுபத்தேழாவது விதியில் இந்த இரண்டு வாக்கியத்தைச் சேர்க்கத் தமிழக அரசுக்கு நிதிச் செலவு ஏதும் இல்லை. மனிதவள மேலாண்மைத் துறையின் ஓர் அரசாணை போதும்.